பழவங்காடியில் கேட்ட சத்தியம்

போன ஓணத்துக்கு ஆர்டர் குவிந்து கிடந்த சமயம். திருவனந்தபுரம் வலியசாலையில் ஒரு பலகாரக் கம்பெனியில் கைமுறுக்குப் பகுதியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் நான் தலையசைக்காமல் ஒரு முறுக்கு பாக்கெட்டுக்குள் போகாது.

அன்று முதலாளி ஒரு பெண்ணை அழைத்து வந்தார். கையில் லேப்டாப். கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம்.

"மாமி, அடுப்படியில நாம சொல்ற வார்த்தைக்கெல்லாம் இந்தக் குட்டி அர்த்தம் கேட்பா. சொல்லிக் குடுங்கோ. பேடிக்க வேண்டாம், பயப்படும்படி ஒண்ணும் வராது" என்று சிரித்தார்.

அது எனக்குத் தெரிந்த சிரிப்பு. தேன்குழல் பிழியும் மெஷின் வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார். கொஞ்ச நாளில், பிழிந்துகொண்டிருந்த பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். இப்போது என் முறை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். உடைந்த முறுக்கை நாங்கள் 'உடைசல்' என்று தனியே எடுத்து விற்போம். விதுராக் கிளையில் அதையும் நமுத்துப்போனதையும் ஒன்றாகச் சேர்த்துக் 'கழிவு' என்று கம்ப்யூட்டரில் போடுகிறார்களாம். இரண்டு கிளைக் கணக்கும் ஒட்டவில்லை. அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு அகராதி வேண்டுமாம்.

"நான் ஒரு புரோகிராம் எழுதியிருக்கேன் மாமி. ஓட விட்டா எல்லா வார்த்தையும் அர்த்தத்தோட ஒரே மூச்சில க்ளவுட்ல ஏறிடும்."

"அது எங்கேடி இருக்கு?"

"எங்கேயோ தூரத்துல. பெரிய பெரிய கம்ப்யூட்டர்."

"எங்கேயோ இருக்கறதுக்கு என் மாவுப் பதம் என்னத்துக்கு? அது முறுக்கு சுத்தப் போறதா?"

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாளும் வந்தாள். மாவு பிசைகிறவளிடம் போய்க் கேட்டாள். பிசைகிறவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாவுக்கே திரும்பிவிட்டாள்.

"இன்னைக்கு முடிக்கலைன்னா ஆபீஸ்ல எனக்குத் திட்டு நல்லா கிடைக்கும் மாமி" என்றாள் அந்தப் பெண்.

"சரி, பழவங்காடிக்கு வா. இதனால என் வேலை போகாதுன்னு பிள்ளையார் முன்னால சத்தியம் பண்ணி ஒரு தேங்காய் உடை. அப்புறம் கேக்கறதெல்லாம் சொல்றேன்."

ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். "செரி மாமி" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கோயிலடிக் கடையில் நானே தேங்காய் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். வேறு எதையாவது முணுமுணுத்து ஏமாற்றிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் படார் படாரென்று தேங்காய் சிதறுகிறது. இவள் மட்டும் தேங்காயை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கிறாள்.

"என்னடி, கை வலிக்கறதா?"

"பற்றில்ல மாமி, என்னால முடியாது. உங்க வேலை போகாதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அது முதலாளி கையில. ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்துலயும், சந்தேகம் வந்தா யாரைக் கேக்கணும்னு ஒரு பேர் போடணும். அங்கே உங்க பேரைப் போடுவேன். அது என் கையில இருக்கு. வேணும்னா அதுக்கு மட்டும் உடைக்கறேன்."

சின்னதாக ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். தேங்காயை அவள் கையிலிருந்து பிடுங்கி நானே ஓங்கி உடைத்தேன்.

"ஐயோ, இது என்னத்துக்கு மாமி?"

"உன் புரோகிராம் தடையில்லாம ஓடட்டும்னு. வா, நடந்துண்டே சொல்றேன், எழுதிக்கோ."

பிறகு ஒருநாள் திரையில் காட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். உடைசலுக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அப்படியும் விடவில்லை, எல்லா வார்த்தைக்கும் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

நாளைக்கு என் வேலை இருக்குமா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் யாராவது சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுக்கும்போதெல்லாம், உடைக்காத தேங்காயோடு பிள்ளையார் முன்னால் நின்ற அந்தப் பெண்ணின் முகம்தான் எனக்கு நினைவு வருகிறது.