வீடியோவைச் சுருக்கினார்கள், மாட்டின் குளம்பு தெரிந்ததா என்று பார்த்தேன்

எங்கள் சினைப்பசு பின்னங்காலை ஊன்றாமல் நொண்டியது. விற்றுவிடலாம் என்றாள் மருமகள். எனக்கு மனம் வரவில்லை. மலைக்குக் கீழேயிருக்கும் மாட்டு டாக்டர், "நடக்கிறத வீடியோ எடுத்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்று போனில் சொன்னார். மருமகள்தான் எடுத்தாள், அவளே அனுப்பினாள். டாக்டர் திரும்பக் கூப்பிட்டு, "ஒரே கலங்கலா இருக்குதுங்க, காலே தெரியல" என்றார்.

அவள் போனில் பார்த்தால் மாட்டின் மயிர்கூடத் தெளிவாக இருந்தது. டாக்டரிடம் போகும்போது மட்டும் எப்படிக் கலங்கும்? விற்க நினைக்கிறவள் கையில் அல்லவா போன் இருக்கிறது!

"வாட்ஸ்அப்பே அமுக்கிடுது அத்தை. அப்படியே முழுசா அனுப்பலாம்னா நம்ம சிக்னலுக்கு ஏற மாட்டேங்குது" என்றாள்.

ஜமுனாமரத்தூரில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண், படம் கெடாமல் சைஸைக் குறைத்துத் தருவதாகச் சொன்னாள். வெளியாட்களிடம் எனக்குப் பேச்சு வராது. மருமகள் காதில், "எதையும் எடுக்காம எப்படிடி சுருங்கும்? சாமை குத்துனாகூட உமி போனாத்தானே அளவு குறையுது. இன்னாத்த எடுக்கிறான்னு கேளு" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. சிரித்தாள். "மாடுதான் ஆயா நகருது. பின்னால வேலி அப்படியே நிக்குது. நிக்கிறத ஒருவாட்டி எழுதி வச்சா போதும், திருப்பித் திருப்பி எழுத வேணாம்."

"அப்ப வேலிய எடுத்துடுவாளா?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"உன் வேலிய வச்சிக்கினு நான் இன்னா ஆயா பண்ணப் போறேன்? அது அங்கயே இருக்கும்" என்றாள் கடைக்காரப் பெண்.

முதலில் கோழி ஓடிய துண்டையும் வானம் தெரிந்த துண்டையும் வெட்டினாள். மாட்டை வெட்டுகிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சுருக்கியதைப் போட்டுக் காட்டினாள். குளம்பு களி மாதிரிக் குழைந்திருந்தது.

"குளம்பு எங்க?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"ரொம்பக் குறைச்சிட்டேன் ஆயா. கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்."

மறுபடி செய்தாள். இம்முறை மருமகள் எடுத்ததையும் சுருக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டச் சொன்னேன். குளம்பின் பிளவு இரண்டிலும் இருந்தது. "வீடியோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா அனுப்புங்க. இல்லன்னா அது மறுபடி அமுக்கும்" என்று மருமகளிடம் சொன்னாள். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக டிக் விழும்வரை போனை மருமகள் பைக்குள் போட நான் விடவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போதே டாக்டர் கூப்பிட்டார். "இப்ப நல்லாத் தெரியுதுங்க. குளம்பு இடுக்குல என்னமோ செருகியிருக்கிற மாதிரி இருக்கு. கழுவிப் பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் மருமகள் காலைத் தூக்கிப் பிடித்தாள், நான் கழுவினேன். ஊசி மாதிரி மூங்கில் சிம்பு ஒன்று வந்தது. மாடு காலை இறக்கி, லேசாகத் தரையைத் தொட்டு, பிறகு ஊன்றியது.

"இனிமே விக்கிற பேச்சு இல்லதானே?" என்று கேட்டேன்.

"கன்னு போடட்டும் அத்தை, பார்க்கலாம்" என்றாள்.

அந்தப் 'பார்க்கலாம்' எனக்குச் சரியாகப் படவில்லை. அன்றிலிருந்து மாட்டை நானே மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறேன்.