இரண்டு பேர் போடும் முடிச்சு

ரெய்னர்ஸ் லேனில், நான் தங்கியிருக்கும் குலனுடைய வீட்டுக் குசினி. மேசை முழுக்க மீன் பிடிக்கிற தங்கூசி நூல். நாளைக்குக் குலன் புளோரிடாவுக்குப் போகிறார், கடலில் தார்ப்பன் மீன் பிடிக்க. மனைவியும் அவருமாகப் போவதற்குப் போட்ட பயணம் இது. மனைவி மாசியில் இறந்துவிட்டார்.

தார்ப்பனின் வாய் அரம் மாதிரி இருக்குமாம். அதனால் தூண்டிலை ஒட்டித் தடித்த நூல், அதற்கு மேலே மெல்லிய நூல். மெல்லியதை இரட்டையாக்கி முறுக்கினால்தான் முடிச்சு நிற்கும். ஒருவர் முறுக்க, இன்னொருவர் பிடிக்க வேண்டும்.

"அண்ணை, உந்த வளையத்துக்குள்ளை ரெண்டு கையையும் விட்டு விரிச்சுப் பிடியுங்கோ."

பிடிக்கிறேன். குலன் இருபது தரம் முறுக்குகிறார். நூல் என் விரல்களை அறுக்கிறது. முறுக்கின் மேல் நுனியைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொல்கிறார்: "இறுக்கிப் பிடியும். விட்டிடாதையும்."

நான் அவரைவிட எட்டு வயது மூத்தவன். என்னோடு அவருக்கு எப்போதும் 'நீங்கள்'தான். அந்த வீட்டில் 'பிடியும்' என்று 'நீர்' போட்டு அவர் பேசியது மனைவியோடு மட்டும்.

குலனின் கை பாதியில் நின்றுவிடுகிறது. அவர் நிமிரவில்லை.

"ஓம், விடமாட்டன்" என்கிறேன்.