எதிரி வீட்டு மருந்து

வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் உள்ள மருந்துக் குப்பியை முறைக்கிறார் எர்வின் ஷெம்ப். "எந்த மரத்துலேர்ந்து வந்தே, சொல்லு." குப்பியின் மேலேயே 'ஆப்பிள்' என்று அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் வாரம் மூன்று காலை இந்த விசாரணை முடிந்த பிறகுதான் ஊசி இறங்கும்.

உள்ளே இருப்பது ஆப்பிள் மரத்துப் புல்லுருவியின் சாறு. தெற்கு ஜெர்மனியில் எங்கள் ஸ்வாபிய மலைச்சரிவில் நாற்பது வருடமாக ஆப்பிள் வளர்க்கிறவர் ஷெம்ப். நாற்பது வருடமாகப் புல்லுருவியோடு மல்லுக்கு நிற்கிறவரும் கூட. பிப்ரவரி பிறந்தால் நீளக் கழியில் ரம்பத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலிக்கு இந்தப் பக்கம் புல்லுருவி மண்டிக் கிடக்கும் என் மரங்களை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன் மரத்துல புல்லுருவிப் பழத்தத் தின்னுட்டு என் மரத்துல வந்து எச்சம் போடுதுய்யா பறவை. நீ வளக்குறே, நான் அறுக்குறேன்."

போன அக்டோபரில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள், ஈரலுக்கும் பரவியிருந்தது. கீமோவோடு சேர்த்து இந்த ஊசியையும் எழுதிக்கொடுத்தார் டாக்டரம்மா. "இதுல கட்டி கரையும்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் பசிக்கலாம், தூக்கம் வரலாம். அவ்வளவுதான்."

ஷெம்ப் யோசித்துவிட்டுக் கேட்டார்: "இதைப் போய்க் கடையில வாங்கணுமா? எங்க தோட்டத்துல வண்டி வண்டியாக் கிடக்கே."

"அதைக் காய்ச்சிக் கீய்ச்சிக் குடிச்சிடாதீங்க. விஷம்."

"அதைத்தானேம்மா நானும் நாப்பது வருஷமாச் சொல்றேன்."

வியாழக்கிழமைகளில் அவரை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போவது நான். எடை ஐம்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இறங்கினால் கீமோவை நிறுத்த வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரமே எங்கள் ஆள் தடித்த கோட்டோடு எடைமேடையில் ஏறினார். நர்ஸ் பிர்கிட் கோட்டின் ஒரு பையிலிருந்து கிளை வெட்டும் கத்தரியை உருவினாள். மறு பையில் நாலு ஆப்பிள்.

"இன்னும் ஏதாச்சும் இருக்கா, ஷெம்ப் ஐயா?"

"பல்செட்டு இருக்கு. அதையும் கழட்டணுமா?"

கோட்டையும் கழற்றிய பிறகு ஐம்பத்தைந்து கிலோ இருநூறு கிராம். பிர்கிட் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

வீட்டில் அவர் மனைவி ஹில்டே சமைத்து வைக்காதது இல்லை. எதைக் கொடுத்தாலும் இரண்டு வாயோடு சரி. "ஆணிய நக்குன மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

"ஆணியையாவது முழுசாத் தின்னேன், மனுஷா" என்பாள் ஹில்டே.

நேற்று மதியம் என்னையும் சாப்பிட உட்காரச் சொன்னாள். பயறும் நூடுல்ஸும், மேலே ஆளுக்கு இரண்டு சாசேஜ். ஷெம்ப் சட்டையைத் தூக்கி, ஊசி குத்திய இடத்துச் சிவப்பைக் காட்டினார். "பாத்தியா, என் வயித்துலயும் வேர் விடுது. எல்லாம் உன் மரத்து வேலை." முள்கரண்டியை ஆட்டி ஆட்டி என் சோம்பேறித்தனத்தையும், என் அப்பாவின் சோம்பேறித்தனத்தையும் வரிசையாக வைதார். இடையிடையே கரண்டி வாய்க்குப் போய் வந்தது. பார்த்தால் தட்டு காலி. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஹில்டே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாமென்று கண்ணைக் காட்டினேன்.

வசவை நிறுத்தாமலே கையை நீட்டி, என் தட்டிலிருந்த சாசேஜைக் குத்தி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.