வராதவர்களோடு ஒன்பதுக்குச் சைபர்

நான் எறிந்த பந்து அந்த மனிதனின் விலாவில் பட்ட சத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மா மூட்டையைச் சீமெந்துத் தரையில் போட்டது போல, கனமாக, ஒரேயொரு தடவை. அவன் முழங்காலில் விழுந்தான். மைதானத்தில் நின்றவர்கள் எல்லோரும் கையை விரித்து வானத்தைப் பார்த்துக் கத்தினார்கள். பலெர்மோவில் மனிதர்கள் கத்தினால் கடவுளையும் சண்டைக்குள் இழுத்துவிடுவார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரேத்தோ ஆற்றுக்கு அப்பால், பஸ் திரும்புகிற இடத்தில், கம்பிவேலிக்குள் ஒரு கட்டாந்தரை. மாடிப்படி கழுவுகிற வேலையை முடித்துவிட்டு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக்கு ஓர் ஆள் குறைந்தது. பயிற்சியாளர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஆட்டத்தின் பெயர் பேஸ்போல் என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் தடியால் அடித்துவிட்டு நாலு மூலையும் சுற்றி ஓடுகிறார்கள் என்று கண்டதும் நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. இது எங்கள் எல்லே விளையாட்டு அல்லவா! யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூட மைதானத்தில், மூங்கில் தடியோடு நானும் தம்பியும் ஆடிய எல்லே. அதில் ஓடுகிறவனின் உடம்பில் பந்து பட்டால் அவன் அவுட். குறி தவறாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். இருபது வருடம் சும்மா கிடந்த கையை ஒருமுறை சுழற்றி, முழு அன்போடும் எறிந்தேன். எல்லேக்கு ரென்னிஸ் பந்து. இது கல்.

"உன்ர அப்பனை நானே கொலை செய்தனான்?" என்றான் விழுந்தவன், மூச்சு திரும்பியதும். அவர்கள் கதைத்தது சிசிலியன்தான். என் ஞாபகம் அதையெல்லாம் எங்கள் பேச்சில்தான் வைத்திருக்கிறது.

"சுடுவம் எண்டு வெருட்டினவங்களுக்கு ஏலாமப் போச்சு," என்றான் இன்னொருவன். "இந்த மனிசன் ஒரு பந்தோட அலுவலை முடிச்சிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். விழுந்தவனும் விலாவைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கப் பல கிழமைகள் ஆயின. அவன் பிரான்காச்சோவில் கார்களுக்கு மின்வேலை செய்கிறவன். மாபியாக்காரர் நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்ற கோடையில், நகரத்து ஆட்கள் படுக்கை விரிப்புகளில் 'போதும்' என்று எழுதி பல்கனிகளில் தொங்கவிட்டார்கள். அவனுடைய தெருவில் தொங்கியது ஒரேயொரு விரிப்பு. அது அவனுடையது. பத்து நாளில் கடையின் இரும்புக் கதவை யாரோ எரித்தார்கள். கரியைச் சுரண்டினான், பச்சை வர்ணம் அடித்தான், அடுத்த நாள் கடையைத் திறந்தான். இதை அவன் எனக்குச் சொன்னதில்லை. மற்றவர்கள்தான், அவன் தலைக்கு மேலால், பகிடியாகச் சொன்னார்கள்.

குற்ற உணர்ச்சியில் ஒரு மாதம் அவனுடைய பையைத் தூக்கினேன். பிறகு பழகிவிட்டது. நான் ஆடவில்லை, வேலியோரம்தான் நின்றேன், ஆனாலும் அந்த அணி என் அணி ஆயிற்று. ஒரு பாண் பேக்கரிக்காரன், ஒரு தபாற்காரன், வேலை இல்லாத இரண்டு பேர், இவன், இன்னும் நாலு பேர். மாற்று ஆள் கிடையாது. வெற்றி என்ற சாமான் அவர்களிடம் இருந்ததே இல்லை. மழைக்குத் தோற்றார்கள், வெயிலுக்குத் தோற்றார்கள், ஒருமுறை மைதானத்துக்குள் வந்த நாய்க்கும் தோற்றார்கள்.

"ஏன் இன்னும் வாறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒன்பது பேர், சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்திலை," என்றான் மின்வேலைக்காரன். "இந்த ஊரிலை வேற எங்கையாவது காட்டு பாப்பம்."

யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்த வருடம் வந்தது. மழைக்குள், ஒரே பாதையில், லட்சக்கணக்கானோர் மூட்டையும் பிள்ளையுமாக நடந்தார்கள் என்று ரெலிபோன் கடையில் நின்றவர்கள் சொன்னார்கள். பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில் இலக்கங்களைச் சுழற்றிச் சுழற்றி விரல் தேய்ந்தது. அம்மாவிடமிருந்து கடிதம் இல்லை. சின்னவனிடமிருந்தும் இல்லை. வீட்டில் தம்பியைச் சின்னவன் என்றுதான் சொல்வோம், அவன் என்னைவிட நாலு விரல் உயரம் என்றாலும்.

அவனுடைய கடைசிக் கடிதம் என்னிடம் இருந்தது. 'அண்ணை, இனி இஞ்சை இருக்க ஏலாது. ஏதாவது வழி பாருங்கோ. நான் உங்களிட்டை வாறன்.' பதிலில் நான் எழுதியது ஒரு வரி: பெர்மெசோ கையில் வரட்டும், அதுமட்டும் பொறு. இருக்கிறதற்கான அனுமதிப் பத்திரம் எனக்கே அப்போது சரியாக இல்லை. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் விடியவே போய் நின்று, நாளைக்கு வா என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்புகிறவன் நான். ஆனாலும் அந்த 'பொறு' என்ற சொல்லை நினைக்கும்போதெல்லாம் வாயில் இரும்பு ருசித்தது.

அந்தக் கடிதம் வந்த கிழமையே மனைவி ஒரு மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்தாள். அவள் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா தன் செத்துப்போன கணவனின் கட்டிலை எறியப் பார்த்திருக்கிறாள். இவள் கேட்டு வாங்கி, அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய சந்துகளுக்குள்ளால் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மீன்காரன் ஒருவன், "ஆர் வாறது, மாப்பிள்ளையோ?" என்று கத்த, "மச்சான் வாறார், உனக்கென்ன!" என்று இவளும் திருப்பிக் கத்தினாளாம். கட்டில் சமையல் மூலையில் மடித்தபடியே நின்றது. அதன் கம்பியில் துணி காய்ந்தது.

எங்கள் ஆட்கள் ஞாயிறு விடிய மலை ஏறுவார்கள், வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாக. மலைக் குகைக்குள் நகரத்துப் புனிதை படுத்திருக்கிறாள். கொள்ளைநோயிலிருந்து இந்த ஊரைக் காப்பாற்றியவள் என்கிறார்கள். மற்றவர்கள் அவளிடம் பிள்ளை கேட்டார்கள், வேலை கேட்டார்கள். எனக்கு நேரடியாகக் கேட்கத் துணிவு வரவில்லை. ஈரப் பாறையில் நெற்றியை வைத்து இப்படி நேர்ந்தேன்: என் அணி ஒரேயொரு ஆட்டம் வென்றால், அது நீ தரும் அடையாளம். அதற்குச் செருப்பில்லாமல் மலையேறுகிறேன். நீ சின்னவனின் செய்தியைத் தா.

"பந்தயம் பிடிக்கிறியளோ அவவோட?" என்றாள் மனைவி.

"நேர்த்தி."

"நேர்த்தி எண்டா மொட்டை, மெழுகுதிரி. இது என்ன நேர்த்தி? அதுவும் அந்தத் தோத்தாங்குளியளை நம்பி! வேற ஆக்கள் கிடைக்கேல்லையே உங்களுக்கு?"

வேறு ஆட்கள் இல்லைத்தான். சித்திரை முழுக்கத் தோற்றார்கள். வைகாசியில் ஒருநாள் ஒரேயொரு ஓட்டத்தால் தோற்றபோது வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்று அழுதேன். மின்வேலைக்காரன் ஓடிவந்தான். "டேய், எங்களுக்கே இவ்வளவு கவலை இல்லை, உனக்கென்ன?" என்றான். அப்போதுதான் சொன்னேன், சின்னவனை, கடிதத்தை, நேர்த்தியை. அவன் பகிடி விடவில்லை. கையுறையைக் கழற்றிப் பார்த்தான், திரும்பப் போட்டான். "கொஞ்சம் பாரம்தான்," என்றான், "எங்கட அணிக்கு."

ஆனி மாதத்தில், தீவின் மறுகரையிலிருந்து வரவேண்டிய அணி வரவில்லை. பஸ் பழுதா, ஆட்கள் சேரவில்லையா, யாருக்கும் தெரியாது. சட்டப்படி எங்கள் ஒன்பது பேரும் தங்கள் தங்கள் இடத்தில் போய் நிற்கவேண்டும். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பார். நின்றார்கள். தூசி எழும்பி அடங்கியது. அடிக்க ஆள் இல்லாத இடத்தை ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள், யாரோ இப்போது வந்துவிடப்போவது போல. குறித்த நேரம் முடிந்ததும் நடுவர் கையைத் தூக்கினார். எதிரணி வராவிட்டால் சட்டம் தருகிற கணக்கு ஒன்று உண்டு. ஒன்பதுக்குச் சைபர். வெற்றி.

பேக்கரிக்காரன் தொப்பியைக் காற்றில் எறிந்தான். எறிந்த தொப்பி விழுவதற்குள் அவனுக்கே வெட்கம் வந்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வராத ஆக்களை வெண்டது ஒரு வெற்றியே?"

"கணக்கிலை வெற்றிதான்."

"அவவுக்கு ஆர் கணக்கு வாசிக்கிறது?" என்றாள். ஆனால் அடுத்த ஞாயிறு நான் செருப்பைக் கழற்றியபோது அவளும் தன்னுடையதைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். மலைப்பாதைக் கற்கள் வெயிலுக்கு முன்னமே சுட்டன.

செய்தி வந்தது. ஆடி மாதத்தில், அம்மாவின் கையெழுத்தில், கொழும்பில் யாரோ போட்ட முத்திரையோடு. வன்னியில் ஒரு மரத்தடியிலிருந்து பங்குனியில் எழுதியது. மனைவி சத்தமாக வாசித்தாள்.

'மகன், நான் சுகம். சின்னவன் உன்னட்டை வந்து சேர்ந்திட்டானோ? மார்கழியிலை கொழும்புக்குப் போனவன். அங்கையிருந்து ஏஜென்சிக்காரனோட இத்தாலிக்கு வாறதாச் சொன்னவன். பயணம் வெளிக்கிட்டிட்டான் எண்டு பிறகு ஒரு ஆள் வந்து சொன்னது. நீ கூப்பிட்டு எழுதினதெண்டு சொன்னவன். நீ கூப்பிட்டபடியால்தான் விட்டனான். உன்ர பக்கத்திலை அவன் இருக்கிறதாலை எனக்குப் பயம் இல்லை.'

மனைவி தாளை மடித்தாள். "செய்தி கேட்டியள்," என்றாள். கோபம் இல்லை, குரல் மட்டும் வற்றிப்போயிருந்தது. "செய்தி வந்திட்டுது."

மார்கழியிலிருந்து ஆடி வரை எண்ணிப் பார்த்தேன். அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடையே படகுக் கதைகள் சுற்றின. இன்ன துறையிலிருந்து வெளிக்கிட்டது, இன்ன துறையில் கரை சேரவில்லை. சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு உடனே வேறு கதைக்குத் தாவுவார்கள்.

வியாழக்கிழமை பஸ் ஏறிப் பிரான்காச்சோவுக்குப் போனேன். சின்னவனின் படம் பையில் இருந்தது. மின்வேலைக்காரன் ஒரு காரின் அடியில் கிடந்தான். வெளியே வந்து, கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினான்.

"தெற்குக் கரையிலைதான் இறக்கிறவங்கள்," என்றான். "ஞாயிறு போய்ப் பாப்பம். என்ர வான் இருக்குது."

"ஞாயிறு ஆட்டம். கடைசி ஆட்டம்."

"தெரியும்."

"நீ இல்லாட்டி எட்டுப் பேர்."

"அவங்களுக்கும் எண்ணத் தெரியும்," என்றான். "மற்ற நாளிலை கடையைப் பூட்ட மாட்டன். பூட்டினாப் பயந்திட்டன் எண்டு கதவை எரிச்சவங்கள் சந்தோசப்படுவாங்கள்."

வானை ஓட்டும்போது அவன் வாய் ஓயவில்லை. மனைவி அவனைவிட்டுப் போன கதை, பற்றரிகளின் குணம், தன் விலா மழைக்கு முன்னம் சொல்லித் தருவது. "வானிலை அறிக்கையே பாக்கிறதில்லை, உன்ர புண்ணியம்," என்றான். நான் சிரித்தேன். அன்று சிரித்தேன் என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துகிறது.

துறைமுகக் காவலர்கள் படத்தைப் பார்க்காமலே தலையாட்டினார்கள். முகாம் வாசலில் ஒருவர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, எங்கள் ஊர்ப் பெயர்களை உடைத்து உடைத்து வாசித்தார். அவன் பெயர் இல்லை. தேவாலயத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் இல்லை. பின்னேரம் மூன்று மணியளவில், வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு மீனவனிடம் படத்தைக் கொடுத்தோம். அவன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்து, படத்தை ஓரத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தான். பிறகு மிகப் பக்குவமாகத் திருப்பித் தந்தான். நாங்கள் திரும்பியபோது அவன் சிலுவை அடையாளம் போட்டதை நான் கண்டேன். காணாத மாதிரி நடந்தேன். மின்வேலைக்காரனும் கண்டிருப்பான். திரும்பும் வழி முழுக்க அவன் ஒன்றும் பேசவில்லை.

மைதானத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எட்டுப் பேரும் சீருடையைக் கழற்றாமல் வாங்குப் பலகையில் இருந்தார்கள். எதிரணி எப்போதோ போய்விட்டது. ஒன்பதுக்குச் சைபர். இந்த முறை வராதவர்கள் நாங்கள்.

"சும்மா போயிருக்கலாமே," என்றேன்.

"முழு நேரமும் நிண்டனாங்கள்," என்றான் தபாற்காரன், மூக்கை உறிஞ்சியபடி. "இவன்ர மூலையை வெறுமையா விட்டிட்டு நிண்டனாங்கள். நடுவருக்கு விசர் பிடிச்சுது." பிறகு என் முகத்தைப் பார்த்தான். பேக்கரிக்காரன் பாணைப் பிய்த்து எனக்கும் தந்தான். தின்றேன். பசி இருந்ததுதான்.

இந்த ஊர் திருந்தும் என்று மேடைகளில் சொன்னவர்களை நான் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரைப் பற்றியும் அப்படிச் சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன். யாரையும் நான் நம்பியதில்லை. அந்த வாங்கில் இருந்த எட்டுப் பேரை நம்பினேன். அந்த நம்பிக்கை சின்னவனைக் கொண்டுவராது என்பதும் அப்போதே எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குப் பதில் எழுத ஒரு கிழமை எடுத்தது. 'நான் அவனைக் கூப்பிடவில்லை, பொறு என்றுதான் எழுதினேன்' என்று தொடங்கிய தாளைக் கிழித்தேன். அது உண்மை. அந்த உண்மையில் சின்னவன் தாயிடம் பொய் சொல்லிவிட்டு வெளிக்கிட்டவன் ஆகிவிடுவான். இன்னொரு தாளில் எழுதினேன்: 'ஓம் அம்மா, நான்தான் கூப்பிட்டனான். சின்னவன் இன்னும் வந்து சேரேல்லை. தேடுறம்.'

மனைவி தோளுக்கு மேலால் வாசித்தாள். "நீங்கள் கூப்பிடேல்லையே."

"இப்ப கூப்பிடுறன்."

அவள் போய்க் கட்டிலில் காய்ந்த துணிகளை எடுத்தாள். கட்டிலின் துருப்பிடித்த மூட்டுகளைக் காலால் உதைத்து விரித்தாள். விரித்ததும் அறைக்குள் நடக்க இடம் இல்லாமல் போயிற்று. பிறகு பேனையை வாங்கி, என் எழுத்துக்குக் கீழே எழுதினாள்: 'மாமி, கட்டில் விரிச்சுக் கிடக்குது.'

அதன்பிறகு அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க, கதவுக்குப் போகக் கட்டிலைச் சுற்றித்தான் போனோம்.