ஏழாம் மாதத்துப் பல்வலி

கர்ப்பிணிக்குப் பல் வலித்தால் எங்கள் பக்கத்தில் முதலில் கிடைப்பது ஒரே பதில்தான்: "டெலிவரி ஆகட்டும், பார்க்கலாம்." ஆறாவது மாதக் கடைசியில் என் கடைவாய்ப் பல் சீழ் பிடித்து வீங்கியது. பிழைக்க வந்த மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில், எங்கள் குடியிருப்புச் சொசைட்டியைச் சுற்றியிருந்த மூன்று பல் டாக்டர்களிடமும் போனேன். முதலாமவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்காரக்கூட விடவில்லை. இரண்டாமவர் பிரசவ டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். பிரசவ டாக்டரோ, "தாராளமாப் பார்க்கலாமே, இதுக்கு எதுக்குக் கடிதம்?" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மூன்றாமவர் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு, கொப்பளித்து அவர் மேலேயே துப்பியிருப்பேன்.

மூன்று மாதம் பொறுமையாகக் காத்திருக்கிற பல்லா அது? சோற்றை மோரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். ஏற வேண்டிய எடை இறங்கியிருந்தது. உள்ளே இருக்கிற பிள்ளையைப் பட்டினி போடுகிறோமே என்ற நினைப்பு பல்வலியைவிட அதிகமாக வலித்தது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வாகன உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. மயிரிழை பிசகியிருந்தாலும் பாகத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவேன். ஆட்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட நான், முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்காக முதலுதவிப் பெட்டியில் வைத்திருந்த வலி மாத்திரைகளை, யாரும் இல்லாத நேரம் பார்த்து அட்டை அட்டையாக எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அட்டையைத் திருப்பி என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. ஊசிதான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, மாத்திரை என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கணவருக்கும் தெரியாது.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. கூட வேலை பார்க்கும் மராத்திக்காரப் பெண் ஒருத்தி என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்டேஷனான ஆகுர்டியில் ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னாள். அந்த சனிக்கிழமையே கணவரோடு போனேன். மாவு மில்லுக்கு மேலே ஒரு மாடி, உள்ளே ஒரே ஒரு நாற்காலி. டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்தார். என்னை உட்காரவைத்து, எப்படிச் சாய்ந்தால் மூச்சு வாங்காது என்று கேட்டு, வலது இடுப்புக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகினார். வாய்க்குள் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

"வலிக்கு என்ன மாத்திரை சாப்பிட்டே?" என்று இந்தியில் கேட்டார்.

"காய்ச்சல் மாத்திரை மட்டும்தான்," என்றேன். கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். பொய் தடங்கலே இல்லாமல் வந்தது.

அவர் கடிதம் கிடிதம் எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்துப் பிரசவ டாக்டரிடம் தானே பேசினார். மூன்று வாரம் நான் அலைந்த அலைச்சல் அவருக்கு இரண்டு நிமிட வேலையாக இருந்தது. ஊசி போடாமல் செய்ய முடியாதா என்று கணவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சலிக்காமல், இந்த ஊசியால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, சீழை உள்ளேயே விட்டுவைப்பதுதான் ஆபத்து என்றார். ஊசி போட்டுப் பல்லைத் திறந்து சீழை வடித்தார். அன்று மாலை இரண்டு சப்பாத்தியை மென்று தின்றேன். அந்த அம்மாளை வாயாரப் புகழ்ந்துகொண்டே தின்றேன். ஆனால் வலி திரும்பிவிடுமோ என்ற பயத்தில் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை.

நான்காம் நாள் ஸ்கேன். குழந்தையைச் சுற்றி இருக்கவேண்டிய தண்ணீர் குறைந்திருக்கிறது என்றார் பிரசவ டாக்டர். ஒரு வாரம் பார்க்கலாம், இன்னும் குறைந்தால் குழந்தையை முன்கூட்டியே எடுக்கவேண்டி வரலாம் என்றார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாயா என்று அவர் கேட்டார். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் அன்னைக்கே சொன்னம்லா, ஊசி வேண்டாம்னு?" என்று வெளியே வந்ததும் கணவர் கொதித்தார். அவருக்குத் திருநெல்வேலி, கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும். "அந்தம்மாவ ரெண்டு வார்த்த கேக்காம விடமாட்டேன்" என்று ஆட்டோவை நேராக ஆகுர்டிக்கு விடச் சொன்னார். எனக்கு நல்லது செய்த ஒருத்தி மேல் பழி விழப்போகிறது, ஒரு வார்த்தை சொன்னால் தடுத்துவிடலாம், ஆனால் சொல்லத் துணிவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிளினிக்கில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, தண்ணீர் குறைந்ததையும் ஒரு வாரக் கெடுவையும் சொல்லிக் கணவர் கத்தித் தீர்த்தார். டாக்டரம்மா கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழுக்கக் கேட்டுக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த பட்டங்களைக் காட்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"அந்த ஊசியாலே தண்ணி குறையாது," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா தப்பு என் மேலேதான்."

கணவர் நீட்டிக்கொண்டிருந்த விரலை மடக்கினார்.

"மூணு வாரச் சீழ் வலியைக் காய்ச்சல் மாத்திரையை மட்டும் வெச்சு யாராலயும் தாங்க முடியாது. அது எனக்குத் தெரியும். அன்னைக்கு இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

தன் சொந்த இடத்தில், தன்னிடம் வந்திருக்கிறவர்கள் காதுபட, ஒரு டாக்டர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கே எடுத்தேன், எத்தனை நாளாகச் சாப்பிடுகிறேன், எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். கணவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் படித்தார். "இதுவாத்தான் இருக்கும். இந்த நிமிஷமே நிறுத்து," என்றார். பிரசவ டாக்டருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு. ஒண்ணு விடாம."

சொன்னேன். ஒரு வாரம் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். தான் வேலை பார்க்கும் தளேகாவ் ஃபேக்டரிக்குக் கிளம்பும் முன்னும் திரும்பி வந்த பின்னும் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார் கணவர். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை. அடுத்த ஸ்கேனில் தண்ணீர் ஏறியிருந்தது. டாக்டர் சொன்ன நாளில், நல்ல எடையோடு மகள் பிறந்தாள்.

அவளுக்கு இரண்டு மாதம் ஆனபோது பல்லுக்கு உறை போட ஆகுர்டிக்குப் போனேன். கணவர் வெளியே குழந்தையை வைத்துக்கொண்டிருந்தார். மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"பொய் சொன்னது நான். நீங்க ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

அவர் விளக்கை என் பக்கம் திருப்பிக்கொண்டே கேட்டார். "அத்தனை பேர் முன்னாலே உன்னைப் பொய்க்காரின்னு சொல்லியிருந்தா, மாத்திரையை வெளியே எடுத்திருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். எடுத்திருக்க மாட்டேன். கணவரோடு சேர்ந்து நானும் கத்தியிருப்பேன்.

"என் பேரு கெட்டா ஒரு வருஷத்துலே சரி பண்ணிக்குவேன்," என்றார். "உன் பொண்ணுக்கு ஒரு வாரம்தான் இருந்துச்சு."