துரைசாணியின் நான்காவது உருளை

சூடேறிய மெழுகின் வாடை அந்த மழைக்காலம் முழுவதும் அம்மாவின் சேலையில் இருந்தது. அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கிளாக்கர். பதுளை மிஷன் பள்ளியில் பியானோ படித்திருந்த அம்மாவை, தம்பி பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி பியானோ வாசிக்கப் பங்களாவுக்கு அழைத்தாள். 'துரைசாணி' என்று நாங்கள் சொன்ன அவள் ருஷ்யாக்காரி, வயலின் வாசிப்பாள். யுத்தத்தில் இறந்துபோன அவளுடைய சகோதரன் வயலினுக்கும் பியானோவுக்குமாக எழுதிவைத்திருந்த இசை தபாலில் வந்திருந்தது. ருஷ்யாவிலிருந்த தன் கண் தெரியாத தாயார் அதைக் கேட்கவேண்டும் என்பதற்காக, துரையிடமிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் சுழலும் மெழுகு உருளைகளில் பதித்து அனுப்ப நினைத்தாள்.

ஓர் உருளையில் இரண்டு நிமிடந்தான் அடங்கும் என்பதால் இசையை நான்காகப் பிரித்தார்கள். பியானோவின் ஒலி கருவியின் குழலுக்கு எட்டவில்லையென்று அதைத் தேயிலைப் பெட்டிகள்மேல் ஏற்றி, பின்பலகையைக் கழற்றினார்கள். தகரக்கூரையில் மழை இரைந்தால் காத்திருக்கவேண்டும். ஒரு சுரம் பிசகினால் மெழுகைச் சீவிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். பால் குடிக்கும் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது வயதுக்காரியான நான் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன்.

"வேதக்கோயில்ல வாசிச்சா கை தானாப் போகும். இது போற எடமே பிடிபட மாட்டேங்குது. நாளைக்கு வரலன்னு சொல்லிருங்க," என்றாள் அம்மா ஒரு மாலையில், விரல்களை வெந்நீரில் வைத்தபடி.

"செத்துப்போன புள்ள எழுதினது. எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா. மறுநாளும் அம்மா போனாள்.

மூன்று உருளைகள் எப்படியோ முடிந்தன. நான்காவதைச் சீவிச் சீவி, இன்னும் ஒருமுறைதான் பதிக்கலாம், அதன்பின் சீவ மெழுகில்லை என்று துரை கைவிரித்துவிட்டார். மீதமிருந்த வெற்று உருளைகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மழைவிட்ட ஒரு பிற்பகலில் தொடங்கினார்கள். பாதியில் தம்பி பசித்து விழித்தான். எழுந்து தோட்டத்துக்கு ஓடலாமென்றால் வராந்தாப் பலகைகள் கிரீச்சிடும். அசையாமல் அவனைத் தோளோடு அழுத்திக்கொண்டேன். அவன் வீறிட்டான். அம்மாவின் முதுகு ஒருமுறை குலுங்கியது, கை நிற்கவில்லை. முடித்துவிட்டு எழுந்தபோது அவளுடைய ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

துரை உருளையைத் திரும்பச் சுழலவிட்டார். வயலினுக்கு அடியில், மெலிதாக, தம்பியின் அழுகை.

"மன்னிச்சிருங்கம்மா, புள்ளைக்குப் பசி," என்றாள் அம்மா.

துரைசாணி மறுபடியும் கேட்டாள். பிறகு, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "இருக்கட்டும். எங்க அம்மாவுக்கு பேரப்புள்ள இல்ல. இதும் கேக்கட்டும்," என்றாள்.

பஞ்சில் பொதிந்த பெட்டி ரயிலேறியது. அதன்பின் ருஷ்யா நாடே கலகத்தில் குலைந்ததாகச் சொன்னார்கள், பதில் வரவில்லை. துரையும் துரைசாணியும் சீமைக்குப் போய்விட்டார்கள். தம்பி நான்காம் வயதில் காய்ச்சலில் இறந்தான். அவனைப் படம் பிடித்து வைக்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை. உருளை போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு துரைசாணிக்கு எழுதச் சொன்னாள் அம்மா. அப்பா மூன்று கடிதம் எழுதினார். ஒன்று மட்டும், பிரிக்கப்படாமல் திரும்பிவந்தது.

இப்போது அந்தப் பங்களாவில் வேறு துரை. பியானோவைக் கறையான் தின்றுவிட்டது. மெழுகு உருளைகளை இன்று யாரும் தேடுவதில்லை. போன மாதம் அம்மாவிடம், அந்த இசை ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவன் எந்த எடத்துல அழ ஆரம்பிச்சான்னு மட்டும் தெரியும்," என்றாள்.