பிடித்ததை விடாத ரோபோ கை

புனேயில் குளிர்காலம் வந்தால் கதவு கடிக்கும். தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இங்கே ஹடப்சர் பகுதியில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டதும் சுள்ளென்று ஒரு பொறி, "ஐயோ அம்மா!" என்று தினமும் கத்துகிறேன். நம் ஊர்க் காற்றின் பிசுபிசுப்பில் சட்டை உடம்போடு ஒட்டுமே தவிர, பொறி பறக்காது.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ரோபோ கையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. உப்புத்தூளில் பாதிகூட இல்லாத பல்சக்கரத்தை எடுத்து, கேமராவின் அடியில் திருப்பி, ஒவ்வொரு பல்லையும் சோதித்து, பழுதென்றால் ஒதுக்கி, சரியென்றால் அச்சில் கோக்கும். அந்தச் சக்கரத்துக்குப் பேட்டரியும் கிடையாது, ஒயரும் கிடையாது. வெளியே இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால், காந்தவிசையில் சக்கரம் சுழலும். இப்படிக் கோத்த குட்டி இயந்திரம்தான் ஒருநாள் கண்ணுக்குள் மருந்து கொண்டுபோகப்போகிறது. என்ன ஒரு வேலை!

மழைக்காலத்தில் சமர்த்தாக இருந்த அந்தக் கை, மார்கழியில் முரண்டு பிடித்தது. சக்கரத்தை எடுக்கும், விடாது. அவ்வளவு சின்னப் பொருளுக்குத் தானாக விழவும் எடை போதாது. கண் மருத்துவர்கள் பார்க்க வரும் நாளோ நெருங்கிவிட்டது. ஓடாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார்கள், நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். போனில் சொன்னபோது அம்மாவுக்குத் துளி வருத்தமில்லை. "கலைச்சா கலைக்கட்டும்ட்டி, வீட்டுக்கு வா" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மருத்துவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலையிலும் கதவு கடித்தது, அலறினேன். உடன் வேலை பார்க்கும் சாதாரா ஊர்க்காரி அஸ்வினி, என் உதடு வெடித்திருப்பதைப் பார்த்துக் களிம்பு டப்பாவை நீட்டினாள். "ஹவா சூக்கீ ஹை நா?" காற்று காய்ந்து கிடக்கிறதே என்கிறாள். அட, அதேதான்! காய்ந்த காற்றில் என் உடம்பில் ஏறுகிற மின்சாரம் ரோபோவின் விரலில் ஏறிச் சக்கரத்தை ஒட்டவைக்காதா? டப்பாவை வாங்காமல் உள்ளே ஓடினேன். நான் கோபித்துக்கொண்டதாக நினைத்து, "ஸாரி, க்யா ஹுவா?" என்ன ஆச்சு என்று பதறியபடி அவளும் பின்னால் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இருவருமாக அறையின் ஈரப்பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். அதிகமானால் ஈரமே பசையாகிவிடும். சாயங்காலம் அந்தக் கை மெல்ல விரிந்தது, சக்கரம் அச்சில் போய் உட்கார்ந்தது. அஸ்வினி என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவர்கள் முன்னால் அது ஓடியது. திட்டம் தொடரும் என்றார்கள். வெளியே வந்து, கண்ணாடிச் சுவர் வழியே கேமராவின் திரையைப் பார்த்தபடி அம்மாவை அழைத்தேன்.

"ஓடிட்டும்மா!"

"எவ்வளவு பெருசுட்டி அது?"

"கண்ணுக்கே சரியாத் தெரியாதும்மா."

"கண்ணுக்கே தெரியாததா உன்ன அங்க புடிச்சு வச்சிருக்கு?"

திரையில் சக்கரம் அவ்வளவு அழகாகச் சுழன்றுகொண்டிருந்தது. அம்மா போனை வைக்கவில்லை. நானும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.